மகள் வீட்டில் ஆறு மாதம்: செவ்வாய்க்கிழமையை முதலில் யோசியுங்கள்

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் மகள் வீட்டுக்கு நீங்களும் உங்கள் கணவரும் ஏப்ரல் கடைசியில் புறப்படுகிறீர்கள், ஆறு மாதம் தங்கப் போகிறீர்கள். எங்கெல்லாம் சுற்றிப் பார்க்கலாம், அங்கே விருந்து விசேஷங்களில் எப்படிக் கலந்துகொள்வது, போய் வந்தவர்களில் பாதிப்பேர் "சிறை மாதிரி" என்கிறார்களே, அது உண்மையா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்ற இரண்டும் அதை ஒட்டியே வரும்.

ஆறு மாதத்தில் 26 வார இறுதிகள்தான் இருக்கின்றன. மீதி 130 நாட்கள் வேலை நாட்கள். ஊர் சுற்றும் திட்டத்தை யாரைக் கேட்டாலும் போட்டுத் தருவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மகளும் மாப்பிள்ளையும் வேலையில் மூழ்கியிருக்க, பேத்தி பள்ளிக்குப் போய்விட, வெளியே ஒரு ஆள் நடமாட்டமும் இல்லாத தெருவைப் பார்த்துக்கொண்டு நீங்கள் இருவரும் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. சிறை என்று சொல்பவர்களை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் சனிக்கிழமை காருக்காக மற்ற ஐந்து நாட்களையும் காத்திருந்தே கழித்தவர்களாக இருப்பார்கள். வார நாட்களைத் தம் வசமாக்கிக்கொண்டவர்கள் அடுத்த வருடம் மீண்டும் எப்போது போகலாம் என்று கேட்கிறார்கள்.

அமெரிக்கப் புறநகரில் முதல் அதிர்ச்சி, தெருமுனைக் கடை இல்லாதது. கறிவேப்பிலை தீர்ந்தால் எட்டிப் போய் வாங்கிவர முடியாது. ஆனால் நீங்கள் போகும் இடத்தைப் பொறுத்தவரை அதிர்ஷ்டசாலிகள். எடிசனும் பக்கத்திலுள்ள ஐஸலினும் இந்தியர்கள் அடர்த்தியாக வாழும் ஊர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகங்களில் நடைபாதை உண்டு. போய்ச் சேர்ந்த வாரத்திலேயே மகளை ஒருமுறை கூட வரச்சொல்லி, திரும்பி வர வழி தெரியும்படி ஒரு சுற்றுப்பாதையை முடிவு செய்துகொள்ளுங்கள். சாலையைக் கடக்கும்போது ஒரு கவனம் வேண்டும்: அங்கே வாகனங்கள் வலப்பக்கம் ஓடுகின்றன, ஆகவே முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அறுபது வருடப் பழக்கம் வலப்பக்கமே திரும்பச் சொல்லும். சிக்னலில் பாதசாரிகளுக்கான பொத்தானை அழுத்திவிட்டு, வெள்ளை உருவம் ஒளிர்ந்த பிறகே இறங்குங்கள்.

காலைப் பரபரப்பு அடங்கியதும் அந்த நடைபாதைக்குப் போய்ப் பாருங்கள். புடவைக்கு மேல் மகனுடைய பழைய ஜெர்கினையும் காலில் புத்தம்புது நடை ஷூவையும் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் வருவார். இரண்டடி முன்னால் கைகளைப் பின்னால் கட்டியபடி அவர் கணவர் நடப்பார். நீங்கள் ஒரு புன்னகை செய்தால் போதும். எந்த ஊர், எப்போது வந்தீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளில் நட்பு தொடங்கிவிடும். குஜராத்திக்காரர், தெலுங்குக்காரர், தஞ்சாவூர்க்காரர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். இந்த நட்பை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும், மகளால் ஏற்படுத்தித் தர முடியாது. அவளுடைய நண்பர்களின் பெற்றோர் இருபது மைல் தள்ளி இருக்கலாம், பார்க்க வேண்டுமென்றால் மறுபடியும் கார்தான். நடந்து போய்ச் சேரும் தூரத்தில் இருப்பவர்களே வார நாள் நண்பர்கள்.

அடுத்தது நூலகம். அமெரிக்க ஊர்களின் பொது நூலகங்களுக்கு இணையான ஒன்று நம்மிடம் இன்னும் பரவலாகவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை, யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை, கோடையில் குளிர்ச்சி, நல்ல நாற்காலி, சுத்தமான கழிப்பறை. சின்னக் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் உண்டு. பேத்திக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால் அழைத்துப் போகலாம். பல நூலகங்களில் ஆங்கிலம் பேசிப் பழகும் இலவசக் குழுக்கள் நடக்கின்றன. சீனப் பாட்டியும் மெக்சிகோத் தாத்தாவும் உங்களைப் போலவே தயங்கித் தயங்கிப் பேசுவார்கள். உங்கள் கணவர் கூச்சப்படுவார் என்றாலும் ஒருமுறை இழுத்துக்கொண்டு போங்கள். அருங்காட்சியகங்களுக்கான இலவச அனுமதிச் சீட்டையும் பல நூலகங்கள் புத்தகம்போல் இரவல் தருகின்றன. மகளின் உறுப்பினர் அட்டையில் அதை எடுக்கலாம்.

ஓக் ட்ரீ ரோடு பற்றி நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். எடிசன், ஐஸலின் இரண்டையும் தொட்டுச் செல்லும் அந்தச் சாலையில் நகைக்கடை, துணிக்கடை, மளிகை, இனிப்பு எல்லாம் நம்முடையவை. முருங்கைக்காயும் வாழைப்பூவும் கிடைக்கும். ஆகையால் பெட்டியில் மளிகைச் சாமானை அடைக்காதீர்கள். அங்கே கிடைக்காதது உங்கள் கையால் இடித்த பொடிகளும், ஊர் பட்சணமும்தான். கொண்டுபோகும் உணவு எதுவானாலும் சுங்கச் சோதனையில் ‘உண்டு’ என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால்தான் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதன் இலையில் ஒட்டிவரும் ஒரு சிறு பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களையே அழிக்கும் நோயைப் பரப்பக்கூடியது என்பதால் தடை. பழம், காய், இறைச்சி, விதைகளும் வேண்டாம். துபாய் வழியாகப் போவதாக இருந்தால் கசகசா ஒரு துளியும் இருக்கக்கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது.

இனி, ஊர் சுற்றுவது. முதல் பயணத்தை நீங்கள் இருவரும் தனியாகவே செய்து பாருங்கள். எடிசனிலிருந்தோ ஐஸலினில் உள்ள மெட்ரோபார்க் நிலையத்திலிருந்தோ ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் நியூயார்க் பென் ஸ்டேஷன். ஒரு சனிக்கிழமை மகள் அழைத்துப் போய் வழி காட்டட்டும். அடுத்த வாரமே கூட்டம் குறைந்த பகல் ரயிலில் நீங்கள் போகலாம். பென் ஸ்டேஷனில் 1ஆம் எண் சுரங்க ரயிலில் ஏறினால் அதன் கடைசி நிலையம் சவுத் ஃபெர்ரி. மேலே வந்தால் ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் படகுத்துறை. அந்தப் படகுக்குக் கட்டணமே கிடையாது. 25 நிமிடப் பயணம். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், சுதந்திர தேவி சிலை அந்தப் பக்கம்தான் வரும். அந்தக் கரையில் எல்லோரும் இறங்கி மறுபடி ஏற வேண்டும். கையில் தயிர் சாதம் இருந்தால் நாள் முழுக்க வேறு செலவில்லை. இதைச் சொந்தமாகச் செய்துவிட்டு வந்த தம்பதியின் நடையே மாறிவிடுகிறது, நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

சிலை இருக்கும் தீவிலேயே இறங்க வேண்டுமானால் குடும்பத்தோடு ஜெர்சி சிட்டியின் லிபர்டி ஸ்டேட் பார்க்கிலிருந்து படகு ஏறுங்கள், மன்ஹாட்டன் வரை போக வேண்டாம். அதே டிக்கெட்டில் எல்லிஸ் தீவும் உண்டு. அங்கே அவசரப்படாதீர்கள். 1892 முதல் 1954 வரை கப்பலில் வந்த 1 கோடியே 20 லட்சம் பேர் அந்தத் தீவின் வழியாகத்தான் அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் சுமந்து வந்த மூட்டைகளையும் கூடைகளையும் பார்க்கும்போது, நம் பிள்ளைகள் இரண்டு பெட்டியோடு போய் இறங்கிய நாள் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ஒரே ஒரு அருங்காட்சியகம்தான் பார்க்க முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

நயாகராவுக்கு எடிசனிலிருந்து காரில் ஆறரை, ஏழு மணி நேரம். ஒரே மூச்சில் போய்வரும் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், இரண்டு இரவு தங்குங்கள். நீல மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு அருவியின் அடிவரை போகும் படகை விட்டுவிட வேண்டாம். கோட் தீவுக்கு நடந்தோ சிற்றுந்திலோ போனால் குதிரைலாட அருவி விழும் விளிம்புக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். கனடாப் பக்கத்தில் காட்சி இன்னும் விரிவு என்பது உண்மைதான். ஆனால் பாலத்தைத் தாண்டக் கனடா விசா வேண்டும். அதை ஊரிலிருந்தே வாங்கியிருந்தால் போங்கள், இல்லாவிட்டால் அமெரிக்கப் பக்கமே மனம் நிறையும். வாஷிங்டன் நான்கு மணி நேரம். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து லிங்கன் நினைவகம் வரை மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஜூலை வெயிலில் முழங்கால் வலியோடு அதை நடப்பது தண்டனை, அக்டோபருக்குத் தள்ளி வையுங்கள். மற்ற ஊர்களைப் பற்றிப் பேத்தியின் விடுமுறையும் மாப்பிள்ளையின் லீவும் முடிவு செய்யட்டும்.

கோயில்களுக்குக் குறைவில்லை. பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேசுவரர் கோயில் பக்கம். ராபின்ஸ்வில்லில் 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட அக்‌ஷர்தாமின் கல் வேலைப்பாட்டுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். நியூயார்க் ஃப்ளஷிங்கில் உள்ள மகாவல்லப கணபதி கோயிலுக்கு ஒருமுறையாவது போக வேண்டும். 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு நடந்த கோயில் அது, அமெரிக்காவில் ஆகம முறைப்படி எழுந்த முதல் கோயில்களில் ஒன்று. தரிசனம் முடிந்ததும் கீழ்த்தளத்தில் உள்ள உணவகத்துக்கு இறங்குங்கள். நெய் முறுகும் வாசனை படியிலேயே வந்துவிடும். தோசைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு நிற்கும் வரிசையில் நம்மவர் மட்டுமல்ல, தோசைக்காகவே ரயிலேறி வந்த நியூயார்க்வாசிகளும் இருப்பார்கள்.

தமிழர் கூட்டங்களில் பெரியது வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழா. 1987இல் தொடங்கிய அமைப்பு அது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 4 விடுமுறையை ஒட்டி ஒவ்வொரு நகரத்தில் கூடுவார்கள். இந்த வருடம் எங்கே என்று இப்போதே மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பறையும் கும்மியும் ஆடும் பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கேயே பிறந்தவர்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படிப்பவர்கள். அந்தப் பள்ளிகளை நடத்துபவர்கள் தன்னார்வலர்கள்தான். கதை சொல்லவோ பாட்டுச் சொல்லித்தரவோ உங்களுக்கு வருமானால், ஒரு நாள் வந்து பிள்ளைகளோடு இருக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள், மகிழ்ச்சியோடு அழைப்பார்கள். சங்கீதப் பித்து உள்ளவர்கள் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையை நினைத்துக்கொள்வார்கள். அது ஈஸ்டரை ஒட்டி வருவது, நீங்கள் போய் இறங்குமுன் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

வீட்டு விசேஷங்களுக்கு அங்கே வேறு ஒழுங்கு. அழைப்பு மூன்று நான்கு வாரம் முன்பே கைப்பேசியில் வந்துவிடும். எத்தனை பேர் வருகிறோம் என்று பதில் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு மாற்றக்கூடாது, எண்ணித்தான் சாப்பாடு சொல்லியிருப்பார்கள். பிறந்தநாள், வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா எதுவானாலும் நாள் நட்சத்திரத்தை விட்டுச் சனிக்கிழமைக்கு நகர்ந்துவிடும். அதைக் குறை சொல்லாதீர்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து என்றால் உங்களுக்குக் கொண்டாட்டம்தான். புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கொண்டுபோன பாத்திரம் காலியாகத்தான் திரும்பும். ஒன்று மட்டும் நினைவில் இருக்க வேண்டும். வேர்க்கடலை, முந்திரி சேர்த்த எதையும் பிறர் குழந்தைகளுக்கு அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. அங்கே பல பிள்ளைகளுக்குக் கடலை ஒவ்வாமை உண்டு, சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. புளியோதரையில் கடலை போட்டிருந்தால் பாத்திரத்தின் மேல் சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.

அதேபோல், ‘கிரீன் கார்டு வந்துவிட்டதா’ என்று எந்த இளைஞரையும் கேட்காதீர்கள். அக்கறையில்தான் கேட்போம். ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை பத்து வருடங்களைத் தாண்டி நீள்கிறது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு வேலையோ வழியோ தேட அதிகபட்சம் 60 நாட்கள்தான் அவகாசம். சிரித்துக்கொண்டே பரிமாறும் அந்தப் பிள்ளைகள் இந்தக் கவலையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். சம்பளம், குழந்தை ஏன் இன்னும் இல்லை என்ற கேள்விகளும் வேண்டாம். நவராத்திரி பெரும்பாலும் உங்கள் தங்கலுக்குள் வந்துவிடும். எடிசன் பக்கம் கொலு வீட்டுக்கு வீடு உண்டு. ஒரே சனிக்கிழமையில் ஐந்தாறு வீடு ஏறி இறங்க வேண்டியிருக்கும். தாம்பூலத்தோடு வைத்துத் தரச் சின்னப் பைகளும் குங்குமச் சிமிழும் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், கனமும் இல்லை.

வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமையே நான்கு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். சமையல் எந்தெந்த நாள் உங்களுடையது, பேத்தியை யார் பேருந்திலிருந்து அழைத்து வருவது, உங்கள் இருவருக்கும் வாரத்தில் எந்தப் பகல் ஓய்வு என்பதெல்லாம் வெளிப்படையாக இருக்கட்டும். மகளிடம் எப்படிச் சொல்வது என்று பல அம்மாக்கள் மென்று விழுங்கி, மூன்றாவது மாதத்தில் ஒரு தோசைக்கல் விஷயத்துக்கு வெடித்து அழுகிறார்கள். பேத்தியோடு இருப்பதற்காகத்தான் போகிறீர்கள். ஆனால் நாள் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அறுபது வயது உடம்புக்குப் பெரியது என்பதை மாப்பிள்ளைக்கும் தெரியச் செய்வதில் தவறே இல்லை. தாளிக்கும்போது மேலே உள்ள புகைபோக்கி விசிறியை மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் வீட்டையே எழுப்பிவிடும். வீட்டுத் தொலைபேசியில் இந்தியாவுக்கு 011, பிறகு 91 சுழற்ற வேண்டும். அவசரத்தில் 911 ஆகிவிட்டால் துண்டிக்காமல், தவறுதலாக அழைத்துவிட்டேன் என்று சொல்லுங்கள். துண்டித்தால் போலீஸ் வாசலுக்கு வரக்கூடும்.

மருத்துவக் காப்பீட்டில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள், இந்தப் பதிலில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான். பார்வையாளராக வரும் நமக்கு அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவத் திட்டம் கிடையாது. விற்பனைக்கு உள்ள திட்டங்கள் இரண்டு வகை. ஒன்றில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று ஒரு தொகை எழுதியிருக்கும். பிரீமியம் குறைவு, ஆனால் உண்மையான பில்லில் அது மூலைக்கும் காணாது. மற்றது, ஒரு தொடக்கத் தொகையை நாம் கட்டிய பிறகு மீதியில் பெரும்பங்கை ஏற்கும் விரிவான திட்டம். இரண்டாவதையே எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய இதயக் கோளாறு இருந்தால், ஏற்கெனவே உள்ள நோய் திடீரென முற்றினால் எந்த வயது வரை, எவ்வளவு தொகை வரை தருவார்கள் என்ற வரியை மகளை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். காய்ச்சல், சுளுக்குக்கு ‘அர்ஜென்ட் கேர்’ மருத்துவமனை போதும், செலவும் பல மடங்கு குறைவு. நெஞ்சுவலி, வாய் கோணுதல், மூச்சுத்திணறல் என்றால் பணத்தை நினைக்காமல் 911. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவரைப் பணம் கட்டும் சக்தியைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பாமல் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கான மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு எடுத்துப் போங்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும், கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. ஒரு வாரத்துக்கானது கைப்பையில் இருக்க வேண்டும். விமான டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவியைக் கேட்டுவிடுங்கள், நடக்க முடிந்தாலும் சரி. இடையில் மாறும் விமான நிலையத்தின் தூரம் அப்படி.

கடைசியாகத் தேதிகள். விசா பத்து வருடத்துக்கு இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதைக் குடிவரவு அதிகாரிதான் முடிவு செய்கிறார். வழக்கமாக ஆறு மாதம். அந்தக் கடைசித் தேதி ஐ-94 என்ற பதிவில் இணையத்தில் இருக்கும். இறங்கிய வாரமே மகளைப் பார்க்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் விசா செல்லாததாகிவிடும். திரும்பும் டிக்கெட்டை அதற்குப் பத்து நாளாவது முன்னதாக, அக்டோபர் நடுவாக்கில் போடுங்கள். மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறுவதைப் பார்த்துவிடலாம், விமானம் ரத்தானாலோ ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ தவிக்க வேண்டியதில்லை. உங்கள் கணவர் மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் நவம்பர் ஆயுள் சான்றுக்கும் ஊரில் இருப்பார். வங்கி ஓடிபி வருவதற்காக அவருடைய இந்திய சிம்மில் ரோமிங் வசதியைப் புறப்படும் முன்பே போட்டு, ஒரு குறுஞ்செய்தி வருகிறதா என்று நியூ ஜெர்சி போய் இறங்கியதும் சோதித்துவிடுங்கள்.